நடக்காத சனிக்கிழமை

"போன் எல்லாத்தையும் இதுக்குள்ள போடுங்க," என்று பின்னாலிருந்து இறங்கி வந்த வினிஃப்ரெட், முன்கதவு வழியே காரின் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து பிடித்தாள்.

மூவாரில் அம்பிகைபாகன் வீட்டு வாசலில் கார் அப்போதுதான் நின்றிருந்தது.

"என்னம்மா, பள்ளிக்கூடத்துக்கா வந்திருக்கோம்?" என்றான் ஷான்.

"பொண்ணு கேக்கப் போற வீட்ல போன நோண்டிக்கிட்டு உக்காந்தா என்னா நெனைப்பாங்க? உனக்காகத்தான்டா சொல்றேன். போடு."

ஷான் போட்டான். அவன் அப்பா மரியநாதன் தன் போனை அணைத்தே போட்டார். பின் இருக்கையில் அவன் தங்கை ஜாக்லின் மட்டும் தயங்கினாள்.

"ரெண்டு மணிக்குக் கிளம்பிடுவோம்ல?"

"தட்டு கொடுக்கறோம், சாப்பிடறோம், கிளம்பறோம். போடு ஜாக்கி."

இரண்டு மணி என்றால் போதும். ஜாக்லினும் போட்டாள். வினிஃப்ரெட் பெட்டியை மூடினாள். ஷான் காரின் பின்புறம் போய் மூன்று தட்டுகளையும் எடுத்தான். ஒன்றில் பழங்கள், ஒன்றில் கேக், ஒன்றில் ஷாமளாவுக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலை.

ஷானும் ஷாமளாவும் எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர்கள். இரண்டு வருடப் பழக்கம் வீட்டுக்குத் தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மாசாயில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு, மூவாரில் இருக்கும் இலங்கைத் தமிழ் இந்துக் குடும்பம் அவ்வளவு சுலபமாகப் பெண் கொடுத்துவிடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஷாமளாவைத் தாயில்லாத குறை தெரியாமல் வளர்த்தவள் அவள் அப்பா அம்பிகைபாகனின் அக்கா செல்லப்பாக்கியம். மெல்பர்னில் ஒரு டாக்டர் மாப்பிள்ளையை அவள் கையிலேயே வைத்திருந்தாள். இருந்தும் போன வாரம் அம்பிகைபாகனே போன் செய்து, "வாங்கோ, வந்து தட்டு மாத்துவம்" என்று சொல்லிவிட்டார். அவர் ஏன் சம்மதித்தார் என்று மாசாயில் யாருக்கும் புரியவில்லை.

இன்று தட்டு மாறினால் ஷானுக்குக் கல்யாணம். மாறாவிட்டால் மெல்பர்ன்.

ஜாக்லினுக்கு இதோடு இன்னொரு கவலையும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பாசிர் கூடாங்கில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. ஆனால் அவள் உண்மையில் வாழ்வது 'ஜன்னலோர இருக்கை' என்ற தன் வலைப்பதிவில்தான். மொழிபெயர்ப்பில் வரும் உலக நாவல்களைப் படித்துத் தமிழில் எழுதுவாள். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு 'வாரப் பக்கம்' வெளியாகும். அந்த வாரம் என்ன படித்தாள், என்ன எழுதினாள், யாரைச் சந்தித்தாள், வீட்டில் என்ன நடந்தது என்று திங்களிலிருந்து சனி வரை எல்லாம் அதில் இருக்கும்.

இந்த வாரத் திங்களும் செவ்வாயும் கம்பெனி பஸ்ஸில் ஒரு போலந்து நாவலோடு போயின. பனி விழும் ஊர். ஒரு பண்ணையார். அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடப்பட்ட குத்தகைக்காரன். ஜன்னலுக்கு வெளியே லாரிகளும் புகைபோக்கிகளும் ஓடிக்கொண்டிருக்க, ஜாக்லின் அந்தப் பனியில் நடந்துகொண்டிருந்தாள். இறங்க வேண்டிய இடத்தை ஒருமுறை தவறவும் விட்டாள்.

புதன் மாலை ஜொகூர் பாருவில் வாசகர் சந்திப்பு. ஒரு காப்பிக் கடையின் மாடியில் ஏழு பேர். அவள் தோழி பிரவீனா ஐஸ் மைலோவைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:

"நீ எழுதற புத்தகத்துக்காக யாரும் வர்றது இல்ல லா ஜாக்கி. உங்கம்மா மீன் குழம்பு வர்ற வாரம் பாரு, எவ்ளோ கமெண்ட். போலந்து வர்ற வாரம் நீயும் நானும்தான். நானும் பாதிதான் படிப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜாக்லினும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்தியது.

வியாழன் மதிய இடைவேளையில் அவள் வாரப் பக்கத்தை எழுதினாள். சனிக்கிழமையையும் சேர்த்துத்தான். அது அவள் வழக்கம். அவர்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சந்தை, மீன், சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. வியாழனே எழுதி, தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்துவிடுவாள். சனிக்கிழமை மதியம் ஒருமுறை பார்த்து, மீனின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

இந்தச் சனிக்கிழமை மூவார். அம்பிகைபாகனை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் பார்க்காத மனிதர்களைத் தெரிந்துகொள்வதைத்தானே இத்தனை நாவல்களும் அவளுக்குப் பழக்கியிருந்தன? அவள் எழுதினாள். எழுதி முடித்தபோது கண் கலங்கியது. இதுவரை எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது.

அதில் அம்பிகைபாகன் நல்லவராக இல்லை.

திரும்பி வரும்போது காரிலேயே திருத்திவிடலாம் என்று நினைத்திருந்தாள். இரண்டு மணிக்குக் கிளம்பினால், நாலு மணிக்குள் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

*

"வாங்கோ, வாங்கோ. வெயிலுக்க எவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்கள்!"

வாசலுக்கே வந்து நின்றவர் ஒல்லியான, உயரமான மனிதர். நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரியநாதனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பெரிய பிரம்பு நாற்காலி இருந்தது.

"இதில இருங்கோ மரியநாதன்."

"அது உங்க நாற்காலி மாதிரி இருக்குங்களே."

"அதுதான் உங்களை இருக்கச் சொல்றன்."

ஜாக்லின் அந்த நாற்காலியையே பார்த்தாள்.

வினிஃப்ரெட் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பழத்தட்டைத் தூக்கினாள். "அப்ப, முதல்ல இதக் கொடுத்துட்டா..."

"இப்பவா?" என்றாள் செல்லப்பாக்கியம். வெள்ளைச் சேலை, கண்ணாடி. குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம் மட்டும். "இப்ப நேரம் சரியில்லையே. இண்டைக்கு நல்ல நேரம் நாலரைக்குத்தான் தொடங்குது. தம்பி சொல்லேல்லையா?"

"நாங்க நேரம் எல்லாம்... பாக்கறது இல்லீங்க," என்றாள் வினிஃப்ரெட்.

"நாங்கள் பாப்பம்."

தட்டு மெதுவாக மேசைக்குத் திரும்பியது.

"பரவால்லீங்க, பேசிக்கிட்டு இருப்போம்," என்றார் மரியநாதன். ஷான் கதவருகே நின்ற ஷாமளாவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எல்லாம் கூடி வருகிறது என்ற சிரிப்பு.

ஜாக்லின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நல்ல நேரம் நாலரைக்கு. வாரப் பக்கம் நாலு மணிக்கு.

போன் காரில் இருக்கிறது. சாப்பிட்டதும் எடுத்துக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

வாழை இலையில் மரக்கறிச் சாப்பாடு. அம்பிகைபாகன் உட்காரவே இல்லை. மரியநாதனுக்குத் தன் கையாலேயே எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக் கொடுத்தார்.

"நீங்கள் பிறந்த இடம் எது மரியநாதன்?"

"சிம்பாங் ரெங்கம் பக்கத்துல ரப்பர் தோட்டம். எங்கப்பா பால்வெட்டுத் தொழிலாளி," என்றார் மரியநாதன். சொல்லிவிட்டுச் சிரித்தார். "நானும் லீவு நாள்ல பால் புடிக்கற மங்கு கழுவப் போவேன். பால் நாத்தத்துல பள்ளிக்கூடத்துல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க. நான்தான் எல்லாத்துக்கும் முன்னாடி கணக்குப் போட்டு முடிப்பேன். அப்புறம் அவனுங்களே வந்து ஒட்டிக்குவானுங்க."

அம்பிகைபாகன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ர அப்பா தோட்டத்துக் கிராணி, மரியநாதன். லாயாங் லாயாங் பக்கம். உங்கட அப்பா மாதிரி ஆக்கள் வெட்டின பாலை நிறுத்துக் கணக்கு எழுதினவர் அவர். சரியா எழுதினாரோ எண்டு எங்கட வீட்டில ஒருத்தரும் கேட்டதில்லை. அவர் எழுதினதில படிச்சுத்தான் நான் கவர்மெண்ட் வேலைக்குப் போனன்."

மரியநாதன் இலையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க சார். கிராணி மகன் கையால சாப்பிட கொடுத்து வச்சிருக்கணும்."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். செல்லப்பாக்கியத்தின் முகத்தில்கூட ஏதோ இளகியது.

ஜாக்லினால் சாப்பிட முடியவில்லை. அவள் எழுதிய சனிக்கிழமையில் இந்தச் சிரிப்பு இல்லை.

"என்ன பிள்ளை, ஒண்டும் சாப்பிடேல்லை?" அம்பிகைபாகன் இப்போது அவள் பக்கம் வந்தார். "உங்களோட நான் தனியாக் கதைக்க வேணும். 'மூவார் வாசகர்' எண்டு ஒரு ஆள் உங்களுக்கு எழுதிறவரே, தெரியுமோ?"

தெரியும். ஒரு மாதமாக ஒவ்வொரு வாரமும் முதல் கருத்து அவருடையதுதான். நாவலைப் பற்றி மட்டுமே எழுதுவார். பிரவீனா பாதி படிப்பதை முழுதாகப் படிப்பவர்.

"அங்கிள்... நீங்களா?"

"எந்த வீட்டுப் பெடியன் எண்டு பாக்கத்தான் முதல்ல உங்கட பக்கத்தைத் தேடினன். பிறகு விட ஏலாமப் போச்சுது." அவர் அக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா கேட்டா, என்ன குடும்பம் எண்டு. நான் சொன்னன், அந்த வீட்டில மீன் குழம்பும் புத்தகமும் ஒரே மேசையில இருக்குது, வேற என்ன வேணும் எண்டு. உங்கட எழுத்தாலதான் இண்டைக்கு இந்தத் தட்டு இங்க வந்திருக்குது, பிள்ளை."

*

மூன்றரைக்கு ஜாக்லின் எழுந்தாள். "அண்ணே, கார் சாவி குடு."

ஷான் கூடத்தில் இல்லை.

"மாப்பிள்ளை ஆகிறதுக்கு முந்தியே கடைக்குப் போயிட்டார்," என்றாள் செல்லப்பாக்கியம். அவள் சிரிப்பதை அன்று முதல் தடவையாகப் பார்த்தாள் ஜாக்லின். "பீசாங் கோரெங் வாங்கியாறன் எண்டு தானே கேட்டுக்கொண்டு போனவர். டீக்கு."

வாசலுக்கு ஓடினாள். கார் நின்ற இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

சமையலறையில் ஷாமளா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க போன் கொஞ்சம் குடுங்க அண்ணி."

அண்ணி என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. ஷாமளாவின் முகம் மலர்ந்துவிட்டது. யோசிக்காமல் கொடுத்தாள். "யாருக்கு?"

"ஒரு சின்னத் தப்பு. பிளாக்ல. திருத்தணும்."

கடவுச்சொல்லை அடித்தாள். உங்கள் போனுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே இடுங்கள் என்றது திரை. அந்த எண் இந்நேரம் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருக்கும். ஷானை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் போனும் அதே பெட்டிக்குள்தான், அம்மாவின் கட்டளைப்படி.

"அலமாக், அவ்ளோ அவசரமா?" என்றாள் ஷாமளா. "முகமே வெளுத்துப் போச்சே. என்ன தப்பு?"

ஒரு வாக்கியம் போதும், சொல்லியிருக்கலாம். ஜாக்லின் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எழுத்துப் பிழைதான்."

கூடத்தில் அம்பிகைபாகன் மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சிறு மேசையில் அவர் போன். சனிக்கிழமை நாலு மணிக்காக அவர் தயாராவது அவளுக்குப் புரிந்தது.

"அங்கிள், இன்னைக்கு வாரப் பக்கம் வராது. எழுத நேரமில்ல."

"ஓ." அவருக்கு உண்மையாகவே ஏமாற்றம். "பரவாயில்லை. கலியாண வேலை எண்டால் எழுத்து நிண்டுதானே போகும். அடுத்த கிழமை எங்களைப் பற்றியும் எழுதுவீங்கள்தானே?"

கடிகாரம் நாலடித்தது. அடித்து முடிப்பதற்குள் மேசையில் போன் 'டிங்' என்றது.

அவர் எடுத்துப் பார்த்தார். முகம் குழந்தையைப் போல் விரிந்தது.

"வராது எண்டீங்கள்! வந்திருக்கே! அக்கா, இங்க வாங்கோ. மரியநாதன், கேளுங்கோ, உங்கட மகள் எங்களை ஏமாத்தப் பாத்தவ."

"அங்கிள், வேணாம், அத அப்புறம்..."

"வெக்கப்படாதீங்கோ பிள்ளை. உங்கட அப்பாவுக்குக் கேக்க வேணும்தானே."

அவர் உரக்க வாசித்தார். நல்ல குரல். திங்கள், செவ்வாய், போலந்து, பனி. பண்ணையாரின் வீட்டு வர்ணனையில் "ஆகா" என்றார். புதன், பிரவீனாவின் ஐஸ் மைலோ. வினிஃப்ரெட் பெருமையோடு செல்லப்பாக்கியத்தைப் பார்த்தாள். ஷாமளா டீத் தட்டோடு வந்து நின்றாள்.

"'சனி. மூவார்.' இண்டைக்கும் எழுதியாச்சா? எப்ப எழுதினீங்கள்?"

பதிலுக்குக் காத்திராமல் வாசித்தார்.

"'பெண் வீட்டுப் பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். எங்களுக்கு ஸ்டூல் போடச் சொன்னார். முதல் கேள்வியே அப்பாவிடம்தான். உங்கள் அப்பா எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்? கேட்டுவிட்டு, அப்பா தண்ணீர் குடித்த கிளாஸைத் தனியாக எடுத்து வைக்கும்படி உள்ளே குரல் கொடுத்தார்...'"

குரல் தடுமாறியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் எதையும் கடைசி வரி வரை வாசிக்கிறவர்.

"'அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்தக் குத்தகைக்காரனும் இப்படித்தான் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தான். இரண்டு மணிக்கு வெளியே வந்தோம். எல்லா நாடுகளிலும் பண்ணையார்கள் ஒரே நாற்காலியில்தான் உட்காருகிறார்கள்.'"

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

முதலில் பேசியது செல்லப்பாக்கியம்தான். "எந்தக் கிளாஸ்?"

அவள் ஜாக்லின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி எந்தக் கிளாஸை எடுத்து வைக்கச் சொன்னவன்? நான் இங்கதானே இருந்தனான்?"

"அது இன்னைக்கு எழுதினது இல்ல ஆன்ட்டி," என்றாள் ஜாக்லின். "வியாழக்கிழமை எழுதினது. நான் திருத்தறதுக்குள்ள..."

"வியாழக்கிழமையே எங்களைத் தெரிஞ்சு போச்சா?"

"பேரு எதுவும் போடலீங்க..."

"மூவார் எண்டு போட்டிருக்கே. பெண் வீடு எண்டு போட்டிருக்கே. இந்த ஊரில வேற எந்த வீட்டுக்கு இண்டைக்கு மாசாயில இருந்து தட்டு வந்திருக்குது?"

ஷாமளா டீத் தட்டை மேசையில் வைத்தாள். கோப்பைகள் கலகலத்தன. "இதுக்குத்தான் என் போன வாங்கினீங்களா?" என்றாள். "எழுத்துப் பிழைன்னு சொன்னீங்க."

அம்பிகைபாகன் ஜாக்லினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எத்தனை பேர் வாசிப்பினம், பிள்ளை?"

இத்தனை நாளும் அந்த எண்ணைப் பெரிதாக்கத்தான் அவள் பாடுபட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள்," என்றார் அவர். "வாசிக்கேக்க எனக்கே அந்தப் பெரியவரில கோபம் வந்தது."

ஜாக்லின் தன் அப்பாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கள், திட்டவாவது செய்யுங்கள் என்று பார்த்தாள். மரியநாதன் மின்விசிறிக்குக் கீழே, அம்பிகைபாகனின் பிரம்பு நாற்காலியில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கை, டீக் கோப்பைக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் எழுதியது அப்போதுதான் நடந்தது.

"சூடா இருக்கு, சீக்கிரம் வாங்க!" என்று வாசலில் ஷானின் குரல் கேட்டது. பொரித்த வாழைப்பழத்தின் எண்ணெய் ஊறிய பழுப்புக் காகிதப் பையோடு உள்ளே வந்தவன், எல்லார் முகத்தையும் பார்த்தான். "என்னா ஆச்சு?"

வினிஃப்ரெட் அழத் தொடங்கினாள். ஷாமளா உள்ளே போய்விட்டாள்.

நாலரை ஆனது. செல்லப்பாக்கியம் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். "நேரம் வந்திட்டுது," என்றாள், யாரையும் பார்க்காமல்.

மூன்று தட்டுகளும் மேசையில் இருந்தன. கடைசியில் அம்பிகைபாகன் எழுந்தார்.

"இன்னொரு நாள் பாப்பம், மரியநாதன்."

"சரிங்க சார்," என்றார் மரியநாதன். "நாங்க வர்றோம்."

*

நெடுஞ்சாலையில் ஏறும் வரை யாரும் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு வினிஃப்ரெட் திறந்து, திரும்பிப் பார்க்காமலே ஜாக்லினின் போனைப் பின்னால் நீட்டினாள்.

திரை முழுக்கக் கருத்துகள். இதுவரை எந்த வாரமும் இவ்வளவு வந்ததில்லை. 'வேற லெவல் லா ஜாக்கி, சொன்னேன்ல?' என்று பிரவீனா. 'அந்தக் கிளாஸை மறக்கவே முடியாது' என்று யாரோ ஒருவர். 'தலை குனிந்த அந்த அப்பாவை நினைத்து அழுதுவிட்டேன்' என்று இன்னொருவர். எத்தனையோ பேர் பகிர்ந்திருந்தார்கள். வழக்கமாக முதலில் நிற்கும் 'மூவார் வாசகர்' மட்டும் இல்லை.

"டிலீட் பண்ணு," என்றான் ஷான். கண் சாலையிலேயே இருந்தது. அம்மா எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"இரு," என்றார் மரியநாதன். வரும்போது முன்னால் உட்கார்ந்தவர், இப்போது பின்னால் ஜாக்லினுக்குப் பக்கத்தில் இருந்தார். "எடுக்கறதுக்கு முன்னாடி அந்த எடத்த மறுபடி படி."

"வேணாம்ப்பா."

"சார் படிச்சாரு, நான் சரியா கேக்கல. நீ படி."

அவள் படித்தாள். ஒவ்வொரு சொல்லும் கல்லைப் போல் வாயிலிருந்து விழுந்தது. கிளாஸ். சோறு. குனிந்த தலை. படித்து முடித்தபோது வெளியே சிம்பாங் ரெங்கம் என்ற பச்சைப் பலகை வந்து கடந்து போனது. மரியநாதன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ரப்பர் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை.

"அவரு அப்படிக் கேட்டாரு. சரி. கிளாஸையும் எடுத்து வச்சாங்க. அதுவும் சரி. நீ நெனச்சது அது," என்றார். "நான் எங்கம்மா? உன் கதையில எனக்கு ஒரு வார்த்த கூட இல்லையே ஜாக்கி."

"அப்பா..."

"உன்னக் கொற சொல்லல. சும்மா சொன்னேன்."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் நீக்கினாள். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்றாள். பக்கம் வெறுமையானது. பத்து நிமிடத்தில் பிரவீனாவின் செய்தி வந்தது: 'ஏன் லா எடுத்துட்ட? பரவால்ல, நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எல்லா குரூப்லயும் போட்டுட்டேன்.'

வீட்டு வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் மோட்டார்சைக்கிளைக் கழுவிக்கொண்டே, "என்னங்க, நல்லபடியா முடிஞ்சுதா?" என்றார். மரியநாதன் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

வினிஃப்ரெட் காரின் பின்கதவைத் திறந்தாள். பழத்தட்டை எடுத்தாள். கேக் தட்டை எடுத்தாள். பிறகு குனிந்து இருட்டுக்குள் துழாவினாள்.

"சேலைத் தட்டு எங்கடா?"

"நீங்கதானே எடுத்தீங்க?"

"நான் எடுக்கல. நான் அழுதுக்கிட்டு இருந்தேன். நீ எடுத்து வச்சேன்னு நெனச்சேன்."

"நான் மேசையில இருந்த ரெண்டத்தான் எடுத்தேன். அப்ப அங்க ரெண்டுதான் இருந்துச்சு."

மூன்று பேரும் காரின் பின்னால் நின்றார்கள். நாலரைக்கு மேசையில் மூன்றும் இருந்ததை ஜாக்லின் பார்த்திருந்தாள். பிறகு யார் எடுத்திருப்பார்கள்? ஆள் வைத்துத் திருப்பி அனுப்பலாம் என்று செல்லப்பாக்கியம் ஒதுக்கி வைத்தாளா? இல்லை, உள்ளே போன ஷாமளா மறுபடி வெளியே வந்து எடுத்துக்கொண்டாளா?

ஷான் ஷாமளாவை அழைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தான். மூன்றாம் முறை, அவள் போன் அணைந்திருப்பதாக மலாய் மொழியில் ஒரு குரல் சொன்னது.

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மூவாரிலிருந்து கிளம்பிய பின் முதல் தடவையாகத் தங்கையை நேராகப் பார்த்தான்.

"நீதான் எல்லாத்தையும் முன்னாடியே எழுதுறவளாச்சே," என்றான். "சொல்லு ஜாக்கி. இனிமே என்னா நடக்கும்?"